மூன்றாவது வாக்கு: மெயில் சர்வர் கிளஸ்டரில் ஃபெயிலோவர் ஏன் நடக்காமல் போகிறது

திருப்பூர், கரூர், கோவைப் பக்கம் சொந்தமாக மெயில் சர்வர் வைத்து நடத்தும் நிறுவனங்களின் கணினிப் பொறுப்பாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தால், "ரெண்டு சர்வர் போட்டிருக்குதுங்க, ஒண்ணு நின்னா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்னு சொல்லித்தான் வாங்குனோம்; ஆனா ஒண்ணு நின்னப்ப ரெண்டுமே நின்னுபோச்சுங்க" என்ற புகாரைக் கேட்க நேரும். சொல்பவர் மிகைப்படுத்துவதில்லை. ஐரோப்பிய பையரின் பதிலுக்காக மெர்ச்சண்டைசர்கள் காத்திருக்கும் பிற்பகல் நேரத்தில், அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது சர்வரும் மெயில்பாக்ஸ்களை இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வது உண்மையிலேயே நடக்கிறது. அப்படி ஒதுங்கிய சர்வர் பெரும்பாலும் தவறு எதையும் செய்திருக்காது. தனக்கு விதிக்கப்பட்டதை அப்படியே செய்திருக்கும். கோளாறு வேறோர் இடத்தில், பல வாரங்களுக்கு முன்பு, யாரும் எட்டிப் பார்க்காத மூன்றாவது கணினி ஒன்றில் ஏற்பட்டிருக்கும். விட்னஸ் எனப்படும் அந்த மூன்றாவது கணினியைப் பற்றியதே இக்கட்டுரை.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் 2010 பதிப்பில் டேட்டாபேஸ் அவெய்லபிலிட்டி குரூப் என்ற ஏற்பாடு அறிமுகமானது. பேச்சு வழக்கில் அதை டேக் என்கிறார்கள். அதற்குப் பின் வந்த 2013, 2016, 2019 பதிப்புகளிலும், 2025 ஜூலையில் வெளியான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனிலும் அடிப்படை மாறவில்லை. ஒரு டேக்கில் 16 மெயில்பாக்ஸ் சர்வர்கள் வரை சேரலாம். பொதுவான ஸ்டோரேஜ் எதுவும் தேவையில்லை; ஒவ்வொரு சர்வரும் தன் சொந்த டிஸ்க்கில் டேட்டாபேஸின் ஒரு நகலை வைத்துக்கொள்ளும். செயலில் உள்ள நகலில் எழுதப்படும் மாற்றங்கள் 1 எம்பி அளவுள்ள லாக் கோப்புகளாக மற்ற சர்வர்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மீண்டும் எழுதப்படும். நம் பகுதியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு சர்வர் டேக்குகள்தாம். கோவையில் இன்னோர் அலுவலகம் வைத்திருக்கும் சற்றுப் பெரிய நிறுவனங்கள் அங்கும் ஒன்றோ இரண்டோ சர்வர்களைச் சேர்த்திருக்கும்.

கோளாறைத் தேடத் தொடங்கும் முன், ஃபெயிலோவர், அதாவது ஒரு சர்வர் நின்றால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்வது, என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு முடிவுகள் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கீழே இருப்பது, சர்வர்களை ஒரு குழுவாகச் சேர்க்கும் விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டர். எந்தெந்தச் சர்வர்கள் உயிரோடு உள்ளன, அவற்றுக்குச் சேர்ந்து இயங்கும் தகுதி இருக்கிறதா என்பதை அது முடிவு செய்யும். மேலே இருப்பது எக்ஸ்சேஞ்சின் ஆக்டிவ் மேனேஜர். உயிரோடு இருக்கும் சர்வர்களில் எந்த நகலை மவுண்ட் செய்வது, அதாவது பயன்பாட்டுக்குத் திறப்பது, என்பதை அது தீர்மானிக்கும். கீழ்த்தளம் அனுமதி தராவிட்டால் மேல்தளத்துக்கு வேலையே இல்லை. டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆகியிருப்பதைப் பார்த்ததும் பலரும் மேல்தளத்தில் தேடுகிறார்கள். நகலின் நிலையைப் பார்க்கிறார்கள், கையால் மவுண்ட் செய்து பார்க்கிறார்கள், டேட்டாபேஸைப் பழுதுபார்க்கும் கருவியைக்கூட ஓட்டிவிடுகிறார்கள். வாக்கு எண்ணிக்கையை முதலில் பார்த்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

கிளஸ்டரில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் கையில் இருந்தால்தான் கோரம், அதாவது சேர்ந்து இயங்கத் தேவையான பெரும்பான்மை, உண்டு. இல்லாவிட்டால் கிளஸ்டர் சர்வீஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு சர்வர்களுக்கும் இடையே உள்ள கேபிள் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதாக நினைக்கும். இரண்டுமே ஒரே டேட்டாபேஸை மவுண்ட் செய்துவிட்டால், பாதி ஊழியர்களின் மெயில் ஒரு நகலிலும் மீதிப் பேரின் மெயில் இன்னொரு நகலிலும் எழுதப்படும். ஸ்பிளிட் பிரெயின் எனப்படும் அந்த நிலையிலிருந்து இரண்டு நகல்களையும் ஒன்றாக இணைத்து மீட்பது சேவை நின்றுபோவதைவிடப் பல மடங்கு தொல்லை. ஆகவே ஐயம் வந்தால் நிற்பதே மேல் என்று கிளஸ்டர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

சர்வர்கள் இரட்டைப்படையில் இருந்தால் வாக்கு சரிபாதியாகப் பிரியக்கூடும் என்பதால் விட்னஸ் தேவைப்படுகிறது. உறுப்பினர் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பார்த்து எக்ஸ்சேஞ்சே கோரம் முறையை மாற்றிக்கொள்ளும். இரட்டைப்படை என்றால் விட்னஸைச் சேர்த்துக்கொள்ளும். விட்னஸ் என்பது வேறொரு விண்டோஸ் சர்வரில் உள்ள ஒரு ஷேர் ஃபோல்டர் மட்டுமே. மெயில் எதுவும் அதில் இருக்காது. கிளஸ்டரின் தகவல் தளமும் அதில் இருக்காது. விட்னஸ்.லாக் என்ற சிறு கோப்பு ஒன்று இருக்கும். சிக்கல் வரும்போது அந்தக் கோப்பை எந்தச் சர்வர் பூட்டிக்கொள்கிறதோ அதற்குக் கூடுதலாக ஒரு வாக்கு கிடைக்கும். பங்காளிகள் இருவர் ஒரே கிணற்றில் முறை வைத்து நீர் இறைக்கும் தோட்டத்தில், மோட்டார் அறைச் சாவியை மூன்றாம் ஆள் ஒருவரிடம் கொடுத்துவைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. அவருக்கு நிலமும் இல்லை, தண்ணீரும் வேண்டாம். சாவி யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

அந்த மூன்றாம் ஆள் ஊரில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய விண்டோஸ் பதிப்புகளில் கணக்கு எளிது. மொத்தம் மூன்று வாக்குகள். விட்னஸ் போனால் மீதி இரண்டு. கோரம் தொடரும், மெயில் ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதன்பின் ஒரு சர்வர் போனால் மூன்றில் ஒரு வாக்குதான் மிச்சம், எல்லாம் நிற்கும். விண்டோஸ் சர்வர் 2012-இல் டைனமிக் கோரமும், 2012 ஆர்2-இல் டைனமிக் விட்னஸும் வந்தபின் கணக்கு சற்றுச் சிக்கலாகிவிட்டது. இப்போது கிளஸ்டர் தன் வாக்குகளை அவ்வப்போது தானே திருத்திக்கொள்கிறது. ஒரு சர்வர் வெளியேறினால் அதன் வாக்கை நீக்கிவிட்டு, மிச்சமுள்ளவற்றை வைத்துப் பெரும்பான்மையைப் புதிதாகக் கணக்கிடுகிறது. விட்னஸ் செயலிழந்தால் அதன் வாக்கைப் பூஜ்யமாக்குகிறது.

இரண்டு சர்வர் டேக்கில் இதன் விளைவைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். விட்னஸின் வாக்கு பூஜ்யமானதும் மிச்சம் இரண்டு வாக்குகள், அது இரட்டைப்படை. சமநிலை ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கிளஸ்டர் இரண்டு சர்வர்களில் ஒன்றின் வாக்கையும் எடுத்துவிடுகிறது. இனி மொத்தம் ஒரே வாக்கு. அது ஏதோ ஒரு சர்வரிடம் இருக்கிறது. வாக்கு இல்லாத சர்வர் திடீரென்று மின்சாரம் இழந்து விழுந்தால் மற்றது எந்தத் தடையும் இன்றித் தொடரும். வாக்கு உள்ள சர்வர் விழுந்தால், உயிரோடு இருக்கும் சர்வரிடம் வாக்கே இல்லை, அதுவும் நின்றுவிடும். எனவே விட்னஸ் இல்லாத இரண்டு சர்வர் டேக்கில் ஃபெயிலோவர் நடப்பதும் நடக்காமல் போவதும் எந்தச் சர்வர் விழுகிறது என்பதைப் பொறுத்தது. "போன தடவை நடந்துச்சு, இந்தத் தடவை நடக்கலை" என்று சொல்பவர்களின் குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

இன்னொரு கண்ணியும் இதில் இருக்கிறது. சோதனை செய்து பார்க்கிறோம் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்வரை முறைப்படி ரீஸ்டார்ட் செய்வார்கள். முறைப்படி வெளியேறும் சர்வர் தன் வாக்கை மற்றதிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகும். ஆகவே விட்னஸ் செத்துக் கிடந்தாலும் அந்தச் சோதனை எப்போதும் வெற்றிதான். அடுத்து மற்றச் சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் வெற்றிதான். அறிக்கையில் ஃபெயிலோவர் சரியாக இயங்குகிறது என்று எழுதப்படும். மின்சாரம் போவது, பவர் சப்ளை எரிவது, மதர்போர்டு நிற்பது போன்ற உண்மையான விபத்துகளில் வாக்கை ஒப்படைக்க அவகாசமே கிடைப்பதில்லை. அதனால், ரீஸ்டார்ட் செய்து பார்க்கும் சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை. எந்தச் சர்வரிடம் வாக்கு இருக்கிறது என்பதை முதலில் பார்த்து, விட்னஸ் சரியாக இயங்குகிறது என்பதை உறுதி செய்துகொண்டு, விடுமுறை நாளில், பேக்கப் எடுத்தபின், ஒரு சர்வரின் நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கிப் பார்ப்பதே உண்மை நிலையைச் சொல்லும்.

வாக்குகளைப் பார்ப்பது கடினமல்ல. பவர்ஷெல்லில் கெட்-கிளஸ்டர்நோட் என்ற கட்டளையை இட்டு, டைனமிக்வெயிட் என்ற பண்பைக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு சர்வருக்கும் 1 அல்லது 0 வரும். கிளஸ்டரின் விட்னஸ்டைனமிக்வெயிட் என்ற பண்பு விட்னஸின் வாக்கைக் காட்டும். இரண்டு சர்வர் டேக்கில் மூன்று இடத்திலும் 1 இருக்க வேண்டும். ஒரு சர்வருக்கு 0 என்றும் விட்னஸுக்கு 0 என்றும் வந்தால், மெயில் எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த டேக் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று பொருள். எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் டெஸ்ட்-ரெப்ளிகேஷன்ஹெல்த் என்ற கட்டளை, கோரம் குரூப், ஃபைல் ஷேர் கோரம் ஆகிய இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லும். டேக்கின் விவரத்தை ஸ்டேட்டஸுடன் கேட்டால் விட்னஸ்ஷேர்இன்யூஸ் என்ற வரியில் பிரைமரி என்று வர வேண்டும். இன்வாலிட்கான்ஃபிகரேஷன் என்று வந்தால், நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் பதிவாகியுள்ள விட்னஸும் கிளஸ்டர் உண்மையில் பயன்படுத்தும் விட்னஸும் ஒத்துப்போகவில்லை. யாரோ ஒருவர் ஃபெயிலோவர் கிளஸ்டர் மேனேஜர் வழியாக நேரடியாகக் கோரம் அமைப்பை மாற்றியிருந்தால் இப்படி ஆகும். டேக்குக்கு உரிய கிளஸ்டரில் அந்தக் கருவியால் பார்க்க மட்டுமே செய்யலாம்; மாற்றங்களை எக்ஸ்சேஞ்சின் கட்டளைகளால்தான் செய்ய வேண்டும்.

நின்றுபோனபின் காரணத்தைத் தேடுபவர் சிஸ்டம் லாக்கில் இரண்டு எண்களைக் காண்பார். 1135 என்பது ஒரு சர்வர் கிளஸ்டர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதைக் குறிக்கும். அடுத்த சில நொடிகளில் வரும் 1177, கோரம் போனதால் கிளஸ்டர் சர்வீஸ் நிற்கிறது என்று அறிவிக்கும். பலரும் இங்கேயே நின்று, நெட்வொர்க் கோளாறு என்று எழுதிவிடுகிறார்கள். 1135 வந்ததற்குக் காரணம் நெட்வொர்க்காகவோ மின்சாரமாகவோ இருக்கலாம். ஆனால் 1177 ஏன் வந்தது என்பதே இங்கே கேள்வி. அதற்கு விடை தேட அந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி வாரக்கணக்கில் போக வேண்டும். விட்னஸ் ஷேரைச் சோதிக்க முடியவில்லை என்று சொல்லும் 1562, அதைக் கைப்பற்ற முடியவில்லை என்று சொல்லும் 1564, ரிசோர்ஸ் தோல்வியடைந்தது என்று சொல்லும் 1069 ஆகியவை எப்போது முதலில் தோன்றின என்று பார்க்க வேண்டும். சிஸ்டம் லாக்கின் இயல்பான அளவு 20 எம்பிதான் என்பதால் பழைய பதிவுகள் அழிந்துபோயிருக்கவும் கூடும். டேக் உறுப்பினர்களில் இந்த அளவைக் கூட்டி வைப்பது நல்லது. கிளஸ்டர் லாக்கை எடுத்துப் படிப்பவர்கள், அதில் உள்ள நேரம் இயல்பாக யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம் என்பதை மறந்துவிடக் கூடாது. மாலை 6.40-க்கு நடந்தது அந்தக் கோப்பில் 13.10 என்று இருக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மறந்து, சம்பந்தமே இல்லாத பிழைச் செய்தியை வைத்துக்கொண்டு பாதி இரவைக் கழித்தவர்கள் உண்டு. லாக்கை எடுக்கும்போதே உள்ளூர் நேரத்தில் தரும்படி கேட்கவும் வழி இருக்கிறது.

விட்னஸ் ஏன் சாகிறது என்று பார்த்தால், நம் பகுதியில் அதற்கான முதல் காரணம் மின் இணைப்பு. மெயில் சர்வர்கள் இரண்டும் பெரிய யுபிஎஸ்ஸில், ஜெனரேட்டர் ஆதரவோடு இருக்கும். விட்னஸ் என்பது வெறும் ஃபோல்டர்தானே என்று, கணக்குப் பிரிவில் இருக்கும் பழைய ஃபைல் சர்வரிலோ, டை ஹவுஸ் அலுவலகத்தில் இருக்கும் கணினியிலோ அதை வைத்துவிடுவார்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஷட்டவுன் அறிவிக்கும் நாளில் அந்தக் கணினி நின்றுவிடும். மாலையில் மின்சாரம் வந்ததும் அது தானாக எழுவதும் இல்லை. பயாஸில் அதற்கான அமைப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எழுந்தாலும், தோல்வியடைந்த விட்னஸ் ரிசோர்ஸைக் கிளஸ்டர் உடனுக்குடன் முயன்று பார்ப்பதில்லை. இடைவெளி விட்டுத்தான் முயலும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் மாதங்களில், மின்சாரம் ஒரு நாளில் பல முறை கண்ணடித்துவிட்டு வரும்போது, விட்னஸ் எப்போது இருக்கிறது எப்போது இல்லை என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது.

அடுத்த காரணம் விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினி. அவற்றைத் தாங்கும் ஹோஸ்ட் கணினிகள் இரண்டு உள்ள நிறுவனத்தில் மெயில் சர்வர் ஒன்று முதல் ஹோஸ்ட்டிலும் மற்றது இரண்டாவது ஹோஸ்ட்டிலும் இருக்கும், அதுவரை சரி. விட்னஸ் மெஷின் எதில் இருக்கிறது? அது எந்த ஹோஸ்ட்டில் இருந்தாலும், அந்த ஹோஸ்ட் விழுந்தால் மூன்றில் இரண்டு வாக்குகள் ஒரே நொடியில் போய்விடும். டைனமிக் கோரத்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகப் போனால்தான் அது கணக்கைத் திருத்திக்கொள்ளும், ஒரே நேரத்தில் போவதற்கு அதனிடம் பதில் இல்லை. தொடக்கத்தில் மூன்றாவது ஹோஸ்ட்டில் வைக்கப்பட்ட விட்னஸ், பாரம் சமப்படுத்தும் மென்பொருளால் தானாக நகர்ந்து வந்து மெயில் சர்வரோடு ஒரே ஹோஸ்ட்டில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. இவை சேர்ந்திருக்கக் கூடாது என்ற விதியை விர்ச்சுவல் மென்பொருளில் எழுதிவைக்க வேண்டும். மூன்றாவது ஹோஸ்ட் இல்லை என்றால், ஹோஸ்ட்டுகளுக்கு வெளியே, சர்வர்கள் இருக்கும் அதே யுபிஎஸ்ஸில் இணைக்கப்பட்ட ஒரு சாதாரண இயந்திரத்தில் விண்டோஸ் சர்வரை நிறுவி விட்னஸை அதில் வைப்பது எவ்வளவோ மேல். விலை உயர்ந்த கருவியில் இருப்பதைவிட, வேறு வழியில் விழக்கூடிய கருவியில் இருப்பதே விட்னஸுக்கு முக்கியம். நிறுவன வரைபடத்தை விட்டுவிட்டு, மின் இணைப்பின் வரைபடத்தையும் ஸ்விட்ச் கேபிள்களின் வரைபடத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு அதன் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

அனுமதிகள் மூன்றாவது காரணம். எக்ஸ்சேஞ்ச் நிறுவப்படாத சர்வரில் விட்னஸை வைத்தால், எக்ஸ்சேஞ்ச் டிரஸ்டட் சப்சிஸ்டம் என்ற குழுவை அந்தச் சர்வரின் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்தாக வேண்டும். அந்தச் சர்வர் டேக்கின் உறுப்பினராக இருக்கக் கூடாது. அதே ஃபாரஸ்ட்டில், அதாவது அதே ஆக்டிவ் டைரக்டரி அமைப்பில், இருக்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் டொமைன் கன்ட்ரோலரை விட்னஸாக வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அதில் தனியாக லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு கிடையாது என்பதால், எக்ஸ்சேஞ்ச் குழுவுக்கு டொமைன் முழுவதிலும் தேவையற்ற அதிகாரம் போய்விடும். பல சர்வர்களின் ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டும் டிஎஃப்எஸ் ஃபோல்டரில் விட்னஸை வைப்பது ஆதரிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் இவற்றையெல்லாம் சரியாகச் செய்த இடங்களிலும் பின்னாளில் யாராவது கை வைத்துவிடுகிறார்கள். ரான்சம்வேர் பயத்தில் ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட்டை வீலான்களுக்கு (உள் நெட்வொர்க்கின் தனிப் பிரிவுகளுக்கு) இடையே மூடுவார்கள். விட்னஸ் அதனால் மௌனமாகத் துண்டிக்கப்படும். ஆக்டிவ் டைரக்டரியில் நெடுநாளாக லாகின் ஆகாத கணினிக் கணக்குகளைக் களையெடுக்கும்போது, கிளஸ்டரின் பெயருக்கு உரிய கணக்கையும் சேர்த்து நீக்கிவிடுவார்கள். எக்ஸ்சேஞ்ச் 2016 முதல் அந்தக் கணக்கு இல்லாமலே டேக் உருவாக்குவது இயல்பான முறையாகிவிட்டதால் புதிய அமைப்புகளில் இந்தத் தொல்லை குறைவு. பழைய டேக்கை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு இன்னும் உண்டு.

கோரம் இருந்தும் டேட்டாபேஸ் மாறவில்லை என்றால், அப்போதுதான் மேல்தளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே காரணங்கள் பெரும்பாலும் எளியவை. பேட்ச் போடுவதற்காகச் சர்வரின் தானியங்கி ஆக்டிவேஷன் கொள்கையை பிளாக்டு என்று மாற்றியவர், வேலை முடிந்தபின் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று திருப்பி மாற்ற மறந்திருப்பார். அல்லது நகலுக்கு இன்னும் போய்ச் சேராத லாக்குகளின் வரிசையான காப்பி கியூ நீண்டிருக்கும். லாஸ்லெஸ், குட்அவெய்லபிலிட்டி, பெஸ்ட்அவெய்லபிலிட்டி என்ற மூன்று அளவுகளில் முறையே 0, 6, 12 லாக் வரை இழப்பை ஏற்றுக்கொண்டு மவுண்ட் செய்யச் சொல்லலாம். அதற்கு மேல் இருந்தால் மனிதர் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். டேட்டாபேஸ் மாறிவிட்டது, ஆனால் அவுட்லுக் திறக்கவில்லை, வெளி மெயில் வரவில்லை என்றால் அது கிளஸ்டரின் குற்றமே அல்ல. டிஎன்எஸ் பெயர் ஒரே சர்வரின் ஐபியைச் சுட்டுகிறதா, ஃபயர்வாலில் 25-ஆம் போர்ட் விழுந்த சர்வருக்கே திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு சர்வர் ஸ்பேர் பார்ட்டுக்காகப் பல நாள் காத்துக் கிடக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லா நகல்களுக்கும் போய்ச் சேராத லாக் கோப்புகளை, பேக்கப் எடுத்தாலும், ஓடும் சர்வர் அழிக்காது. டிஸ்க் நிறைந்து, தப்பிப் பிழைத்த சர்வரும் நின்றுவிடும். நீண்ட நாள் ஆகும் என்று தெரிந்தால் அந்த நகலைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, சர்வர் திரும்பியபின் புதிதாக சீட் செய்துகொள்ளலாம், அதாவது முழு நகலையும் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் காரணமும் இல்லாமல் இரவு நேரத்தில் டேட்டாபேஸ் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று சொல்பவர்கள், பேக்கப் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 வரை, ஒரே சப்நெட்டில் (நெட்வொர்க் பிரிவில்) நொடிக்கு ஒன்றாக அனுப்பப்படும் ஹார்ட்பீட்டில், அதாவது உயிரோடு இருப்பதைச் சொல்லும் சிக்னலில், 5 தவறினாலே சர்வர் செத்ததாகக் கருதப்படும். 2016-இல் அது 10 ஆகவும், சப்நெட் மாறினால் 20 ஆகவும் கூட்டப்பட்டது. ஸ்னாப்ஷாட் எடுக்கும் பேக்கப் மென்பொருள் விர்ச்சுவல் மெஷினை அந்த அளவுக்கு உறையவைத்துவிட்டால் 1135 வந்துவிடும்.

திருப்பூரில் இரண்டு, கோவையில் இரண்டு என்று நான்கு சர்வர்கள் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. இவர்களுடைய அமைப்பில் விட்னஸ் வழக்கமாகத் திருப்பூரில் இருக்கும். மாற்று விட்னஸ் என்று கோவையில் ஒரு சர்வரின் பெயரும் பதிவாகியிருக்கும். திருப்பூர் முழுவதும் போனால் கோவையின் மாற்று விட்னஸ் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும் என்பது இத்துறையில் மிகப் பரவலான தவறான நம்பிக்கை. அது தானாக எதையும் செய்யாது. திருப்பூர் போனால் ஐந்தில் மூன்று வாக்குகள் போகும், கோவை நின்றுவிடும். அதன்பின் ஒருவர், திருப்பூர்ச் சர்வர்களை நிறுத்தப்பட்டவையாக அறிவிக்கும் ஸ்டாப் கட்டளையை இட்டு, கோவைச் சர்வர்களில் கிளஸ்டர் சர்வீஸை நிறுத்தி, ரீஸ்டோர் கட்டளையை இட வேண்டும். அந்த ரீஸ்டோரின்போதுதான் தேவைப்பட்டால் மாற்று விட்னஸ் பயன்பாட்டுக்கு வரும். கட்டளை இடும் முன், திருப்பூர் உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது அவிநாசிச் சாலையில் பொக்லைன் கேபிளை வெட்டியதால் கோவைக்குத் தெரியவில்லையா என்பதை ஒரு ஃபோன் போட்டாவது கேட்டுக்கொள்வது கட்டாயம். இரண்டாவது என்றால் திருப்பூர் மூன்று வாக்குகளோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கோவையில் ஒன்றும் செய்யக் கூடாது.

இந்த இடத்தில் டிஏசி மோட் எனப்படும் டேட்டாசென்டர் ஆக்டிவேஷன் கோஆர்டினேஷன் பயன்படுகிறது. கோவையில் மெயில் ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பூருக்கு மின்சாரம் திரும்பி, லைன் மட்டும் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரின் இரண்டு சர்வர்களும் பழைய விட்னஸும் சேர்ந்து மூன்று வாக்குகளைக் காட்டி மவுண்ட் செய்துவிடக்கூடும். இந்த மோட் இயங்கினால், புதிதாக எழுந்த சர்வர் தன் நினைவகத்தில் ஒரு பிட்டை 0 என்று வைத்துக்கொண்டு, 1 வைத்திருக்கும் வேறு உறுப்பினரையோ, இயங்குபவை என்று பட்டியலில் உள்ள அனைவரையுமோ தொடர்புகொள்ளும்வரை மவுண்ட் செய்யாமல் காத்திருக்கும். ஊருக்கு ஒரு சர்வர் வீதம் இரண்டே உறுப்பினர் கொண்ட டேக்கில் வேறு யாரையும் கேட்க வழியில்லாததால், அந்தப் பிட் 1 ஆன நேரத்தை மாற்று விட்னஸ் சர்வர் பூட் ஆன நேரத்தோடு ஒப்பிட்டு அது முடிவெடுக்கும். விட்னஸ் பிறகு பூட் ஆகியிருந்தால், இரண்டும் ஒரே மின்தடையில் போனதாகக் கருதி மவுண்ட் செய்ய மறுக்கும். மீட்பு வேலை நடக்கும்போது மாற்று விட்னஸ் சர்வரை எதற்கும் ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று கை வைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மனிதர் தலையிடாமலே ஊர் விட்டு ஊர் மாற வேண்டும் என்றால், விட்னஸ் மூன்றாவது ஊரில் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் 2013 முதல் இது ஆதரிக்கப்படுகிறது. ஈரோட்டிலோ பெருந்துறையிலோ கிளை இருந்தால் அங்கே வைக்கலாம். கிளை இல்லாதவர்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஜூரின் சென்னை மையத்தில் ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷினை ஃபைல் சர்வராக எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 2016-இல் வந்த கிளவுட் விட்னஸை எக்ஸ்சேஞ்ச் ஏற்பதில்லை என்பதால் மெஷினாகத்தான் எடுக்க வேண்டும். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் தனித்தனி விபிஎன் (இணையம் வழியான பாதுகாப்பான தனி இணைப்பு) அங்கே போக வேண்டும். கோவையின் பாதை திருப்பூர் வழியாகத்தான் அஜூருக்குப் போகிறது என்றால், விட்னஸ் சென்னையில் இருந்தும் திருப்பூரில் இருப்பதாகவே கணக்கு.

பழுது நீங்கித் திருப்பூருக்குத் திரும்பும்போது வரிசை முக்கியம். லைனும் டொமைன் கன்ட்ரோலர்களும் நிலைத்தபின் ஸ்டார்ட் கட்டளையால் திருப்பூர்ச் சர்வர்களை டேக்கில் மீண்டும் சேர்க்க வேண்டும். அடுத்து, எந்த மாற்றமும் குறிப்பிடாமல் டேக்கின் செட் கட்டளையை ஒரு முறை இட வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ற கோரம் முறையையும் பழைய விட்னஸையும் அதுவே திரும்பப் பொருத்தும். விட்னஸ்ஷேர்இன்யூஸில் பிரைமரி என்று வந்து, நகல்களின் கியூ பூஜ்யத்துக்கு இறங்கியபிறகே டேட்டாபேஸ்களைத் திருப்பூருக்கு நகர்த்த வேண்டும். கோவையிலேயே ஓர் இரவு கூடுதலாக ஓடுவதால் யாருக்கும் நட்டமில்லை.